நிமிடத்துக்கு முப்பத்தைந்து சுற்று

சீலி பதினொன்றரைக்கு வந்துவிடுவாள், இந்த ரெக்கார்டு பிளேயர்த் தட்டோ சுற்றமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. மணி ஒன்பது நாற்பது. சுவிட்சைப் போட்டால் உள்ளே மோட்டார் ம்ம்ம் என்று முனகுகிறது, மேலே ஓர் அசைவும் இல்லை, விரலால் தள்ளிவிட்டால் முக்கால் சுற்று போய் நின்றுகொள்கிறது, என் முழங்கால் மாதிரியே. எழுபத்தொரு வயதில் முன்னறைத் தரையில் செய்தித்தாளை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாயிற்று, எழுந்திருப்பதைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். எல்லாம் போன வாரம் போனில் வாயை விட்டதால் வந்த வினை. "அண்ணே, அந்த ஆரியட்டம்மா மிஷினு இன்னும் ஒங்கிட்ட இருக்கா?" என்றாள். இருக்கு, கட்டிலுக்கடியில கெடக்கு என்றேன். "ஓடுமா?" ஓடுமா என்று ஒரு டர்னரிடம் கேட்கலாமா? நாற்பது வருஷம் லேத்தோடு குடித்தனம் பண்ணினவன் நான். அதுக்கென்னட்டி, ஓட வச்சிருவோம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம், "அந்தக் கடல் பாட்டு ரெக்கார்டும் இருக்கும்லா? ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருதேன். இனிமே எங்க வரப்போறேன்" என்றாள். சனிக்கிழமை அவளுக்கு விமானம். கனடாவில் மகன் வீட்டோடு போய்விடுகிறாள், தூத்துக்குடி வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. என் ஒரே தங்கை. அவளுக்கு அறுபத்தெட்டு. ஐம்பது வருஷமாக அந்த ரெக்கார்டைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை, நானும் திறந்ததில்லை, இப்போது ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் ஏன் கேட்கிறாள் என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தட்டைத் தூக்கி எடுத்துவிட்டேன். நல்ல கனம், அந்தக் காலத்து அமெரிக்க இரும்பு. நடுத் தண்டில் போட்டிருந்த கிரீஸ் காய்ந்து கோந்தாகிவிட்டது, அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பழுப்பாக வருகிறது, துடைக்கத் துடைக்க வருகிறது. இந்த வாசனைக்கு என் வீட்டுக்காரி எமிலி அடுப்படியிலிருந்து ஏதாவது சொல்வாள், சொல்லட்டும். ரப்பர் சக்கரமும் கெட்டிப்பட்டிருக்கிறது. மோட்டார்த் தண்டு சுற்றி, அதை ஒட்டிக்கொண்டு இந்தச் சின்ன ரப்பர் சக்கரம் சுற்றி, அது தட்டின் உள்விளிம்பைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் இதன் சூட்சுமம், மூன்று உருளை ஒன்றையொன்று தள்ளுகிறது. மூன்றில் ஒன்று வழுக்கினாலும் பாட்டு போச்சு. ஆரியட்டம்மா இதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்த நாள் ஞாபகம் இருக்கிறது. மிஸ் ஹாரியட் என்று பெயர், பாளையங்கோட்டையில் யாருக்கும் அது வாயில் நுழையாததால் ஆரியட்டம்மா. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும்போது, சபை உபதேசியார் வீட்டுக்கு என்று எங்கள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சூட்கேஸ் மாதிரி மூடி, உள்ளே சிவப்பு வெல்வெட், கூடவே நூற்றுப்பத்து வோல்ட்டுக்கு இறக்க ஓர் இரும்புப் பெட்டி, அது இட்லிக் கொப்பரை கனம். அம்மா மூடிக்கு ஒரு பூப்போட்ட உறை தைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள். போட்டுப் பார்த்தால் பாட்டு தூங்கி வழிகிறது. பாடகர் குழுவின் பெண்கள் எல்லாரும் ஆண்பிள்ளைக் குரலில் இழுக்கிறார்கள். அப்பா பைபிளை மூடி வைத்துவிட்டு, "என்னடே இது, சாவு வீட்டு ஓலம் மாதிரி இருக்கு" என்றார். சீலி சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது பதினாறு முடிந்து பதினேழு.

காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன். எவ்வளவு கர்வம் அன்றைக்கு! மோட்டாரின் அடியில் ஒரு தகடு, அதில் அறுபது என்று பொறித்திருந்தது. அமெரிக்கக் கரண்டு விநாடிக்கு அறுபது தடவை துடிக்கும், நம்முடையது ஐம்பதுதான், ஆகவே அங்கே ஆறு சுற்று சுற்றுகிற மோட்டார் இங்கே ஐந்துதான் சுற்றும். மோட்டாரை ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் தண்டைத் தடிமனாக்கலாமே? தண்டு தடித்தால் ரப்பர் சக்கரம் வேகமாகச் சுற்றும். நான் வண்ணார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் தொழில் படித்துக்கொண்டிருந்த காலம், இருபது வயது. சாப்பாட்டு வேளையில் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது நான் லேத்தில் ஒரு துண்டுப் பித்தளையை மாட்டிக் கடைந்தேன். உள்ளே ஆறு மில்லிமீட்டர் துளை, வெளியே இவ்வளவு என்று கணக்கு. தண்டின்மேல் போட்டுச் சுத்தியலால் இலேசாகத் தட்டி இறக்கினால் மோதிரம் போட்டதுபோல உட்கார்ந்தது. இதோ இருக்கிறது. துணியால் துடைத்ததும் மஞ்சளாகச் சிரிக்கிறது, இத்தனை வருஷத்துக்கும் ஒரு கீறல் இல்லை. என் கையில் பிறந்த முதல் நல்ல வேலை. அப்புறம் மில்லில் எத்தனையோ ஆயிரம் உருப்படி கடைந்தேன், ஒன்றும் இவ்வளவு அழகாக வரவில்லை. அன்றைக்கு ரெக்கார்டைப் போட்டதும் பெண்கள் பெண்களாகப் பாடினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா எதுவும் சொல்லாமல் என் தோளில் கை வைத்தார், அவர் வைத்த கை அது ஒன்றுதான் என்பதால் இன்னும் தோளில் இருக்கிறது. ஆர்மோனியம் செல்லையா சார் மட்டும், அது கிடக்கட்டும். ரப்பர் சக்கரத்துக்கு ஸீரோ நம்பர் உப்புத்தாள் வேண்டுமே, எங்கே வைத்தேன்.

கிடைத்தது. சக்கரத்தின் ஓரத்தை மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க மேலே கெட்டிப்பட்ட பளபளப்பு போய் உள்ளிருந்து புது ரப்பர் கறுப்பாக வருகிறது. நல்ல சரக்கு, உள்ளே உயிர் இருக்கிறது. தேய்க்கும்போது ஒரே அளவாகத் தேய்க்க வேண்டும், ஒரு பக்கம் குழி விழுந்தால் பாட்டு நொண்டும். டர்னருக்கு முதல் பாடம் இதுதான், எதையும் ஒரேயடியாக எடுத்துவிடாதே. கழிக்கலாம், கூட்ட முடியாது. வேண்டிய அளவுக்கு ஒரு பொட்டு அதிகம் விட்டு நிறுத்து, கடைசியில் பாலிஷுக்கு அது வேண்டியிருக்கும், ஓடி ஓடித் தேய்வதற்கும் வேண்டியிருக்கும். பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம், கை தானாகவே செய்யும். இந்தப் பித்தளை உறையிலும் விட்டேன். ஏழு புள்ளி இரண்டு வேண்டிய இடத்தில் ஏழரைக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்துக்கு மூன்று தலைமுடிக் கனம் அதிகம் இருக்குமா, இருக்கும். ரெக்கார்டில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகாலும் சொச்சமும் வர வேண்டும், முப்பத்தைந்து வந்தது. இருக்கட்டும், ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் உரசிப் பித்தளை எங்கே தேயும்? அதுவும் எனக்குத் தெரியும். ஒரு மாசம் பொறுத்து எடுத்து உப்புத்தாள் போடலாம் என்றும் நினைத்தேன். நினைத்ததோடு சரி. பாட்டு கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது, வயசு அப்படி. வீட்டில் சினிமாப் பாட்டு கூடாது, இருந்தது நாலே நாலு ரெக்கார்டு, நாலும் சபை ரெக்கார்டு, வேறு எங்கேயும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. கடல் பாட்டு சபையின் நூற்றாண்டு விழாவுக்காக அடித்தது, மொத்தமே முந்நூறு தட்டு, ரேடியோவிலும் வந்ததில்லை, கேசட்டிலும் வந்ததில்லை. பாடின ரூபவதியம்மாள் மறு வருஷமே காலமாகிவிட்டார்.

அந்த மத்தியானங்கள். சபை வீட்டுப் பின்கட்டில் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும், அம்மா கோழிக்குத் தவிடு பிசைவாள், சீலி மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பாடுவாள். அவளுக்குப் பாட்டு வாத்தியார் கிடையாது. ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஒரே வரியை முப்பது தடவை கேட்பாள், ரூபவதியம்மாள் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கேதான் இவளும் வாங்குவாள். பேதுரு கடல்மேல் நடந்து போகிறார், காற்றைப் பார்த்ததும் பயந்து அமிழ்கிறார், ஆண்டவரே என்று கூப்பிடுகிறார். அந்தக் கூப்பாட்டில் பாட்டு மேலே மேலே ஏறும். சீலி அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிப் பாடிக்கொண்டு வருவாள், தெருவில் போகிற சைக்கிள் நிற்கும், மோர்க்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். இப்போதுகூட ரப்பரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்போது காதுக்குள் கேட்கிறது, அந்தக் குரல் எங்கேயாவது கலைந்து போயிருக்குமா, இல்லை, என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கூப்பாடு வந்ததும் சீலிக்குத் தொண்டை இறுகும். எட்டும், ஆனால் எட்டி எட்டித் தொடுகிற எட்டல், நுனிக்காலில் நின்று பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கிற மாதிரி. கையைத் தொண்டையில் வைத்துக்கொள்வாள், எச்சிலை விழுங்குவாள். "அந்தம்மாவுக்கு எப்படிண்ணே இவ்வளவு மேல போகுது? எனக்குக் கொரல் பத்தல" என்பாள். மிளகுப் பால் குடி, பனங்கற்கண்டு போடு என்று நான் யோசனை சொல்வேன். நான்தான் சொல்வேன். அவளும் குடிப்பாள்.

"எண்ணெ நாத்தம் வீடு பூரா அடிக்கி, சீலி மதினி வாரதுக்குள்ள சன்னலத் திறந்து வையுங்க" என்று எமிலி வந்து நிற்கிறாள். திறக்கிறேன் என்கிறேன். "என்ன மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? மிஷினு சரியாவலியா?" ஆயிரும் ஆயிரும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறேன், எண்ணெய்க் கை பட்டு இன்னும் மோசமாகிவிட்டது. எமிலிக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லாத ஒரே விஷயம் இதுதான், குடித்ததைக்கூடச் சொல்லியிருக்கிறேன். சரி, செல்லையா சார். எவ்வளவு நேரம்தான் தள்ளிவைப்பது. கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், மெலிந்த மனுஷர், மூக்குப்பொடி போடுவார். சபைப் பாட்டுப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால் வீட்டுக்கு வந்தார், சீலிக்குச் சுருதி பார்க்க. ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ரெக்கார்டைப் போடச் சொன்னார். ஐந்துக் கட்டையை அழுத்திப் பார்த்தார், ரெக்கார்டு அதற்கு மேலே போகிறது. ஐந்தரையை அழுத்திப் பார்த்தார், ரெக்கார்டு அதற்குக் கீழே நிற்கிறது. மறுபடி ஐந்து, மறுபடி ஐந்தரை. சீலி அவருக்குக் காப்பி எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அப்போது என்னிடம் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார், "ஏல முத்து, இது ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்கு. மனுசன் எவனும் ரெண்டு கட்டைக்கு நடுவுல நின்னு பாடமாட்டான். அந்தம்மா அஞ்சுலதான் பாடியிருக்கா. ஒன் மிஷினு ஓட்டந்தாம் கூடுதலா இருக்கு. பாத்துச் சரி பண்ணு."

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லி வாயை மூடுமுன்னே முப்பத்தைந்து என்ற எண் என் தலைக்குள் வந்து நின்றது. தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், தேயும் என்று நினைத்தேன், மறந்துபோனேன், சின்னப் பையன். இருபது வயசு சின்னப் பையனா? அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெரியும். அப்பா உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் தோளில் கை வைத்த அப்பா. அதனால் நான் என்ன சொன்னேன் என்றால், சத்தமாகச் சொன்னேன், "அமெரிக்கா மிஷினு தப்பாப் பாடுமா சார்? ஒங்க பெட்டிய ஒரு தடவ ரிப்பேருக்குக் குடுத்துப் பாருங்க." செல்லையா சார் சண்டை போடுகிற மனுஷர் இல்லை, சபையில் உபதேசியார் மகனை எதிர்த்துப் பேசுகிற மனுஷரும் இல்லை. மூக்குப்பொடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சீலி காப்பியோடு வந்தபோது, "பாப்பா, அஞ்சுக் கட்டையில பாடேன், ஒனக்கு லகுவா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அவள் கேட்கவில்லை. "ரூபவதியம்மா பாடுத சுருதியிலதாம் சார் பாடணும், எறக்கிப் பாடுனா தோத்த மாதிரில்லா" என்றாள். அப்படியானால் ஐந்தரை வைத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. நான் ரெக்கார்டை உறைக்குள் போட்டேன். பித்தளை உறையை எடுத்துப் பத்து நிமிஷம் உப்புத்தாள் போட்டிருந்தால் போதும், அன்று சாயங்காலமே போட்டிருக்கலாம், பத்து நாள் இருந்தது. போட்டால் சார் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதனால் போடவில்லை. எவ்வளவு அற்பமான காரணம், வெளியே சொன்னால் யாரும் நம்பக்கூட மாட்டார்கள்.

போட்டியில் ஜெயிக்கிற பிள்ளையைச் சபையே மெட்ராசுக்கு அனுப்பிச் சங்கீதம் படிக்கவைப்பதாக இருந்தது. பந்தல் நிறைய ஆள். சீலி வெள்ளைப் புடவை, முதல் புடவை. ஐந்தரையில் எடுத்தாள், கடல், காற்று, படகு எல்லாம் நன்றாக வந்தது, நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பாடு வந்தது. ஆண்டவரே என்று ஏறினவள் பாதியில் உடைந்தாள். குரல் கீச்சென்று இரண்டாகப் பிரிந்து அப்படியே நின்றுவிட்டது. செல்லையா சார் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார், திரும்ப எடுத்துக்கொள் பாப்பா என்று கண்ணால் கெஞ்சினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் இறங்கி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஜெபம் பண்ணினார், "கர்த்தருக்குச் சித்தமில்ல, அவ்வளவுதாம் மகளே, சித்தமிருந்தா கொரலக் குடுத்திருப்பாரு" என்றார். அவள் அதை நம்பினாள். என் பித்தளைத் துண்டை அவர்கள் எல்லாரும் கர்த்தரின் சித்தம் என்று நம்பினார்கள், நான் ஆமென் சொன்னேன். அதன்பிறகு நர்ஸ் படிப்பு, வடக்கே ஆஸ்பத்திரி, கல்யாணம், பிள்ளை. கோயிலில் எல்லாரும் பாடும்போது பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள், பின்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிள்ளையைக்கூடத் தட்டித்தான் தூங்கவைத்தாள். தாலாட்டக் கூடாதாட்டி என்று அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, எனக்குக் கொரல் இல்லல்லாம்மா என்று சாதாரணமாகச் சொன்னாள், கால் ஊனமானவர்கள் எனக்கு நடக்க வராது என்று சொல்வதுபோல.

சுற்றுகிறது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சக்கரத்தை மாட்டி, தட்டை இறக்கியதும் சுற்றுகிறது, சத்தமே இல்லாமல். வெட்கங்கெட்ட மனசு, இந்த நேரத்திலும் சந்தோஷப்படுகிறது. காகிதத்துண்டை ஒட்டிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தைந்து. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைவும் இல்லை, இருபது வயதில் எண்ணின அதே முப்பத்தைந்து. மணி பதினொன்று பத்து. உப்புத்தாள் கையிலேயே இருக்கிறது, தேய்த்துவிடலாம், தேய்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போட்டுவிடலாம். அவளுக்கு வித்தியாசம் தெரியும், அவள் காதுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தால் ஏன் என்று கேட்பாள். தேய்க்காமல் விட்டால், பழையபடியே கேட்பாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள், எமிலி வைத்த மீன்குழம்பைச் சாப்பிடுவாள், சனிக்கிழமை போய்விடுவாள். அறுபத்தெட்டு வயதில் அவளுக்கு இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சித்தம் என்று நினைத்து ஆறிப்போன புண்ணை நான் எதற்குக் கிளற வேண்டும்? இதெல்லாம் அவள் நன்மைக்காகத்தான் என்று ஒரு குரல் எனக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அது அன்றைக்கு அமெரிக்கா மிஷினு தப்பாப் பாடுமா என்று கேட்ட அதே குரல்தான். இருந்தாலும் அதன் பேச்சைத்தான் கேட்டேன். உப்புத்தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள், தலை முழு வெள்ளை. "என்னண்ணே, தரையில ஒக்காந்து எந்திரிக்க மாட்டாம இருக்கியா?" என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள், நர்ஸ் கை, பிடி அப்படியே இருக்கிறது. மூடியின் பூப்போட்ட உறையைத் தடவினாள், அம்மா தைச்சது என்றாள். காப்பி வேண்டாம், முதலில் பாட்டு என்றாள். மறுபடி தரையில் உட்கார்ந்து ஊசியை வைத்தேன். கரகரப்பு, அப்புறம் ரூபவதியம்மாள். சீலி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கடல் வந்தது, காற்று வந்தது. அவள் உதடு அசைகிறது, சத்தமில்லை. கூப்பாடு வருவதற்கு ஒரு வரி முன்னால் அவள் கை தானாக எழுந்து தொண்டைக்குப் போயிற்று. எச்சிலை விழுங்கினாள். பதினேழு வயதில் விழுங்கின அதே விழுங்கல். என்னால் முடியவில்லை. ஊசியைத் தூக்கிவிட்டேன். "ஏண்ணே நிறுத்திட்ட?" இது ஓட்டம் கூடுதல்ட்டி என்றேன். புரியாமல் பார்த்தாள். தட்டைத் தூக்கிப் பித்தளை உறையைக் காட்டினேன், நான் கடைஞ்சது, பக்கத்துக்கு மூணு தலைமுடி அதிகம், பாட்டு அரைக் கட்டைக்குப் பக்கமா மேல ஏறிரும், ரூபவதியம்மா இவ்வளவு மேல பாடவே இல்ல, என்றேன். அடுப்படி வாசலில் எமிலி கரண்டியோடு நின்றாள். சீலி குனிந்து பித்தளையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள். இப்போதுதான் என்று சொல்ல ஒரு விநாடி வாய் வந்தது. செல்லையா சார் அன்னைக்கே சொன்னாரு, நீ காப்பி எடுக்கப் போயிருந்த, போட்டிக்குப் பத்து நாள் இருந்துச்சு என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்று இருந்தது. "பத்து நாளு" என்றாள். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "தேய். என் முன்னால தேய்." மோட்டாருக்குள் தூள் விழாமல் சுற்றிலும் ஈரத்துணி வைத்தேன். மோட்டாரை ஓடவிட்டுப் பித்தளையின்மேல் முதலில் பொடி அரம், பிறகு உப்புத்தாள். அரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக் கொடுத்தாள், ஆதரவாக அல்ல, வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று. தட்டைப் போட்டு எண்ணினாள், அவளே எண்ணினாள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்து நாலரை. மறுபடி தேய்த்தேன். முப்பத்து நாலு. எமிலி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாலாவது தடவை முப்பத்து மூன்றும் கொஞ்சமும். ஊசியை அவளே வைத்தாள். ரூபவதியம்மாள் பாடினார், கொஞ்சம் நிதானமாக, கொஞ்சம் வயதான, நான் இதுவரை கேட்டேயிராத ஒரு அம்மாள். கடல், காற்று, படகு. சீலியின் கை மடியிலேயே இருந்தது. கூப்பாடு வந்தது, ஏறியது, நின்றது, இறங்கியது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஊசியைத் தூக்கி அந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மறுபடியும் கேட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "அந்தம்மா இவ்வளவுதாம் போயிருக்காளா?" அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எனக்கு எட்டியிருக்குமேண்ணே."

எட்டியிருக்கும்ட்டி, என்றேன்.